கம்ப்யூட்டருக்கு இலவச ஆன்டிவைரஸ் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது லேப்டாப் வாங்கியவரும் சரி, பழையதை ஃபார்மட் அடித்துக் கொண்டுவந்தவரும் சரி, முதலில் கேட்பது "எந்த ஃப்ரீ ஆன்டிவைரஸ் போடலாம்?" என்பதுதான். போடத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. கீழே இருப்பதெல்லாம் வீட்டில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு. ஆபீஸ் கொடுத்த மெஷின் என்றால் அங்கே இருக்கும் ஐடி ஆட்கள் சொல்வதைக் கேளுங்கள், அதில் நீங்களாக எதையும் போடவோ எடுக்கவோ வேண்டாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், தேவையா இல்லையா?

தேவையில்லை. விண்டோஸ் 11 இருக்கிறது, அப்டேட் ஒழுங்காக வருகிறது என்றால் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற முழு ஆன்டிவைரஸ் ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் இலவசம்தான், தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டாம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

டிஃபெண்டர் சும்மா ஒப்புக்கு இருப்பது, அதை நம்பக்கூடாது என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, பழைய காலத்தை நினைத்துச் சொல்கிறார்கள். விஸ்டாவோடும் விண்டோஸ் 7-ஓடும் வந்த டிஃபெண்டர் ஸ்பைவேர் எனப்படும் உளவு மென்பொருளை மட்டும்தான் பார்க்கும், வைரஸைப் பிடிக்காது. வைரஸுக்கென்று 2009-இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்று ஒன்றைத் தனியாக டவுன்லோட் செய்யக் கொடுத்தார்கள். அதுவும் 2012 கடைசியில் ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட் என்ற சோதனை நிறுவனத்தின் சான்றிதழை இழந்தது. அந்தக் காலத்தில் வேறொரு ஆன்டிவைரஸ் போடுங்கள் என்று சொன்னது நியாயமான அறிவுரை.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸ் ஆனது. அதன் பிறகு படிப்படியாகத் தேறி, இப்போது பல வருடங்களாக அதே ஏவி-டெஸ்டின் பாதுகாப்புப் பிரிவில் 6-க்கு 6 வாங்குவது அதற்கு வழக்கமாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கும் பெரிய பெயர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

அதற்குக் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஆஸ்திரியாவில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற இன்னொரு சோதனை நிறுவனம் இணையம் இல்லாத நிலையிலும் சோதிக்கிறது. அங்கே டிஃபெண்டர் நன்றாகவே சறுக்குகிறது, ஏனென்றால் புதுசாக வரும் கோப்புகளைப் பற்றி அது மைக்ரோசாஃப்ட் சர்வரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது. இணையமே இல்லாமல், ஊர் சுற்றிய பென்டிரைவ்களை மட்டும் செருகிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் உங்களுடையது என்றால் வேறொன்றை யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டில் பெரும்பாலும் அப்படி இல்லை.

அது என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடுங்கள். கேடயம் போட்ட ஐகான் வரும். உள்ளே போய் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' என்பதைத் திறந்தால், கடைசியாக எப்போது ஸ்கேன் ஆனது, எப்போது அப்டேட் ஆனது என்று தேதியோடு காட்டும். அப்டேட் தேதி நேற்றோ இன்றோ இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் பழையது என்றால் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம்.

அதே பக்கத்தில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்று ஒன்று இருக்கும். ரியல்-டைம், கிளவுட், டாம்பர் இந்த மூன்றும் ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். டாம்பர் என்பது முக்கியம், வேறொரு புரோகிராம் உங்களுக்குத் தெரியாமல் டிஃபெண்டரை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். இன்னும் கொஞ்சம் கீழே போனால் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல். வீட்டு கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும். கடையில் சாஃப்ட்வேர் போட்டு வாங்கிவந்த மெஷின் என்றால் கட்டாயம் அங்கே எட்டிப் பாருங்கள், சி டிரைவ் முழுவதையுமே ஸ்கேன் செய்யாதே என்று அதில் சேர்த்துவைத்திருப்பார்கள். அப்படி ஒன்று இருந்தால் மேலே பச்சை டிக் காட்டினாலும் பாதுகாப்பு இல்லை. கூடவே, அங்கே போட்டுக் கொடுத்த விண்டோஸ் ஒரிஜினலா என்பதையும் சந்தேகப்படுங்கள்.

புது லேப்டாப்பில் ஏதாவது ஒரு ஆன்டிவைரஸ் ட்ரையல் ஏற்கெனவே இருக்கலாம். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் ட்ரையல் முடியும்வரை காத்திருக்காமல் முதல் நாளே எடுத்துவிடலாம்.

டிஃபெண்டரும் இருக்கட்டும், இன்னொன்றும் இருக்கட்டும். இரண்டு இருந்தால் நல்லதுதானே?

இரண்டும் சேர்ந்து ஓடாது. இன்னொரு ஆன்டிவைரஸைப் போட்டதும் விண்டோஸ் டிஃபெண்டரின் நேரடிக் காவலை நிறுத்திவிடும். வெளியிலிருந்து இரண்டு போட்டால் ஒரே கோப்பைத் திறக்க இரண்டும் முட்டிக்கொள்ளும், மெஷின் திணறும்.

இதில் பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. எந்த ஆன்டிவைரஸும் கம்ப்யூட்டரில் மிகப் பெரிய அதிகாரத்தோடு ஓடுகிறது, யாரோ அனுப்பிய கோப்பை எல்லாம் முதலில் திறந்து பார்ப்பதும் அதுதான். அதில் ஓட்டை இருந்தால் தாக்குபவனுக்கு நேர் வழி. கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழு 2016-இல் சைமான்டெக் என்ற நிறுவனத்தின் ஆன்டிவைரஸில் இப்படிப்பட்ட ஓட்டைகளைக் கண்டுபிடித்தது, 2017 மே மாதம் டிஃபெண்டரிலேயே ஒன்றைக் கண்டுபிடித்தது, மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் அடைத்தது. அதனால் இந்த மாதிரி மென்பொருள் ஒன்று போதும்.

சந்தேகம் வரும்போது இரண்டாவது கருத்து வேண்டும் என்றால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தலாம். அது பின்னணியில் ஓடாமல், நீங்கள் கேட்கும்போது மட்டும் ஸ்கேன் செய்யும், அதனால் மோதல் இல்லை. முதலில் ஓடும் 14 நாள் ட்ரையலை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

இலவசமாகக் கொடுக்கிற கம்பெனிக்கு அதில் என்ன லாபம்?

சாதாரண லாபம், உங்களைக் காசு கட்டும் வாடிக்கையாளராக மாற்றுவது. "உங்கள் கம்ப்யூட்டரில் 37 பிரச்சினைகள்" என்கிற மாதிரி எதையாவது காட்டி, சரிசெய்யப் போனால் பணம் கட்டச் சொல்வார்கள். அந்தப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை குக்கீகளும் தற்காலிகக் கோப்புகளும்தான். வீட்டில் வயதானவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் இந்த மிரட்டல் பாப்-அப்களே தினசரித் தொல்லை. நிஜ எச்சரிக்கை எது, விளம்பரம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய், கடைசியில் எல்லாவற்றுக்கும் ஓகே கொடுக்கப் பழகிவிடுகிறார்கள்.

அசாதாரண லாபத்துக்கு அவாஸ்ட் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகத்தில் அதிகம் பேர் போட்டிருந்த இலவச ஆன்டிவைரஸ்களில் ஒன்று அது. அதை நம்பிப் போட்டவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள், எதைத் தேடினார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் மூலமாக விற்றது. 2020 ஜனவரியில் இரண்டு பத்திரிகைகள் சேர்ந்து இதை வெளிக்கொண்டுவந்தன, சில நாட்களில் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்டிசி அமைப்பு, 100-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் தகவல் போயிருக்கிறது என்று சொல்லி 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது, உலாவல் தகவலை விளம்பரத்துக்கு விற்கவும் தடை போட்டது. உங்களை யாரும் பின்தொடராமல் தடுக்கிறோம் என்று சொல்லித்தான் அந்த மென்பொருளைக் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது அவாஸ்ட், ஏவிஜி, அவீரா, நார்டன் நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஒன்று பிடிக்காமல் இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மாறுங்கள். எல்லா இலவச ஆன்டிவைரஸும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளேயே நல்லதாக ஒன்று இருக்கும்போது, யாரென்று தெரியாத இன்னொருவருக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்கத் தேவை என்ன என்பதுதான் என் கேள்வி.

அப்படியானால் நிஜமாகவே வைரஸ் எப்படி உள்ளே வருகிறது?

வீட்டு கம்ப்யூட்டர்களில் பெரிய வழி கிராக், அதாவது காசு கட்ட வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாக ஓடவைப்பது. போட்டோஷாப் கிராக், ஆபீஸ் ஆக்டிவேட்டர், கேம் கிராக், எதுவாக இருந்தாலும் சரி. டவுன்லோட் செய்த ஜிப் கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரு இஎக்ஸ்இ கோப்பும், பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் கோப்பும் இருக்கும். அந்த டெக்ஸ்ட் கோப்பின் முதல் வரியே ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும் என்பதாக இருக்கும். ஜிப்புக்குப் பாஸ்வேர்டும் போட்டிருப்பார்கள். அது உங்களுக்காகப் போட்ட பூட்டு இல்லை, டவுன்லோட் ஆகும்போது ஆன்டிவைரஸ் உள்ளே பார்த்துவிடக்கூடாது என்பதற்காக. "கிராக் என்றாலே வைரஸ் என்றுதான் காட்டும், கண்டுக்காதே" என்று நண்பர் சொல்வார், நீங்களும் அணைப்பீர்கள். வீட்டுக்குள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்த ஆளை வாசலில் நிற்கும் காவலாளி என்ன செய்ய முடியும்?

ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று சொல்லப்படும் ரான்சம்வேர் குடும்பம் பெரும்பாலும் இப்படித்தான் பரவியது. கம்பெனிகளை விட்டுவிட்டு வீட்டு மனிதர்களின் கல்யாண போட்டோக்களையும் பிள்ளைகளின் பிராஜெக்ட் கோப்புகளையும் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பழைய ரகங்களுக்கு எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019-இல் இலவசத் திறப்புக் கருவி வெளியிட்டது, பின்னால் வந்த ரகங்கள் பலவற்றுக்குச் சாவி கிடைக்கவில்லை.

காசு இல்லையென்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், போட்டோஷாப்புக்குப் பதில் ஜிம்ப் அல்லது கிரிட்டா. தமிழ் டைப் செய்ய விண்டோஸிலேயே விசைப்பலகை இருக்கிறது, அதற்காகக் கிராக் தேட வேண்டியதே இல்லை.

பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. ஆன்டிவைரஸ் இல்லாததால்தானா?

உங்களிடம் இல்லாததால் இல்லை, நீங்கள் பிரின்ட் எடுத்த ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்திருக்கும். அந்த வைரஸ் செய்வது இதுதான்: உங்கள் நிஜ ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கும். நீங்கள் ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்தால் முதலில் மறைந்திருக்கும் வைரஸ் ஓடும், அப்புறம் ஃபோல்டரும் திறக்கும். ஃபோல்டர் திறந்துவிடுவதால் ஒன்றும் நடக்காத மாதிரியே தெரியும்.

கோப்புகள் எங்கும் போய்விடவில்லை, பயப்பட வேண்டாம். ஷார்ட்கட் எதையும் தொடாமல், பென்டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள். அப்புறம் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் (விண்டோஸ் 11-இல் அதற்குள் 'ஷோ') 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் போட்டால் நிஜ ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். அப்போதும் தெரியவில்லை என்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுங்கள். தெரிந்ததும் வேண்டிய கோப்புகளை மட்டும் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துகொண்டு பென்டிரைவை ஃபார்மட் அடித்துவிடுங்கள். இனிமேல் கடைக்குக் கொண்டுபோக ஒரு சின்ன பென்டிரைவைத் தனியாக வைத்துக்கொண்டு, பிரின்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் தவிர வேறு எதையும் அதில் வைக்காமல் இருப்பது நல்லது.

விண்டோஸ் 7-இல்தான் இன்னும் ஓட்டுகிறேன். அதற்காவது போடலாமா?

போடலாம், ஆனால் அது காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்திவிட்டது. ஓட்டை விண்டோஸில் இருக்கும்போது மேலே எந்த ஆன்டிவைரஸ் உட்கார்ந்திருந்தாலும் ஓட்டை ஓட்டைதான். வானாகிரை என்ற ரான்சம்வேர் நினைவிருக்கிறதா? 2017 மே 12-இல் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளையே தள்ளிவைக்க வைத்தது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-இலேயே அப்டேட் கொடுத்துவிட்டது. மாட்டியவர்களில் பெரும்பாலானோர் அந்த அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7 வைத்திருந்தவர்கள்.

குரோமும் 109-வது பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. அந்த மெஷினில் நெட் பேங்கிங் வேண்டவே வேண்டாம். பழைய மெஷின்தான், புதுசு வாங்க முடியாது என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். மெயில், யூடியூப், தமிழ் டைப்பிங், பிள்ளைகளின் பாடம் எல்லாம் நடக்கும்.

விண்டோஸ் 10?

சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு இன்னும் ஒரு வருடம், அதாவது 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் அது தானாக வராது, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்து 2028 வரை கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள், பட்டியல் வேறு, விண்டோஸின் ஓட்டையை அடைக்கும் அப்டேட் வேறு.

திரை முழுக்க "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வந்து சத்தம் போடுகிறது. என்ன செய்வது?

அழைக்காதீர்கள். அது வெறும் வெப்சைட். மைக்ரோசாஃப்டோ வேறு எந்த நிஜ ஆன்டிவைரஸோ எச்சரிக்கையில் போன் நம்பர் போடாது. மூட முடியவில்லை என்றால் ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்துங்கள், அதுவும் முடியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூலையில் அடிக்கடி இதே மாதிரி அறிவிப்பு வருகிறது என்றால், ஏதோ ஒரு தளம் "அலோ" கேட்டபோது கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கினால் நின்றுவிடும்.

நெட் பேங்கிங் செய்கிறேன். காசு கொடுத்தாவது ஒன்று வாங்க வேண்டாமா?

வாங்கினால் தப்பில்லை. வீட்டில் நாலைந்து கருவிகள், பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்ற கட்டுப்பாடு வேண்டும், பிரச்சினை என்றால் போன் செய்து கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பவர்களுக்கு அது உதவும். நம் ஊர்க்காரர்களும் செய்கிறார்கள், சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7 இருக்கிறது, புனேயின் குயிக் ஹீல் இருக்கிறது. ஆனால் வங்கிப் பணம் இப்போது பெரும்பாலும் போவது வைரஸால் இல்லை. கேஒய்சி முடிந்துவிட்டது என்று போன் வரும், ஒரு ரிமோட் ஆப் போடச் சொல்வான், ஓடிபி கேட்பான். நீங்களே அனுமதி கொடுத்துப் போட்ட ஆப்பை எந்த ஆன்டிவைரஸ் தடுக்கும்? நீங்கள் இந்தியாவில் இருக்கிறீர்கள், பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

மத்திய அரசில் சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2017-இல் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்று ஒன்றைத் தொடங்கி, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. பலருக்கும் இது இருப்பதே தெரியாது.

கம்ப்யூட்டர் ஸ்லோ. வைரஸாக இருக்குமோ?

பெரும்பாலும் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரேம், ஸ்டார்ட் ஆகும்போதே ஓடும் பத்துப் புரோகிராம்கள், இவைதான் காரணம். எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். 'ஸ்பீட் அப்', 'கிளீனர்' என்று வரும் எதையும் போடாதீர்கள். 2017-இல் சிகிளீனரின் 5.33 பதிப்பு அதிகாரபூர்வ தளத்திலிருந்தே மால்வேரோடு இறங்கி, சுமார் 22 லட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் போனது.

ஒரு கோப்பு மேல் மட்டும் சந்தேகம். எங்கே பார்ப்பது?

வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் 70 சொச்சம் ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று ஒரே இடத்தில் காட்டும். கூகுளுடையது, இலவசம். ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி சொந்தக் கோப்புகளை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றியதை மற்ற ஆய்வாளர்களும் பார்க்க முடியும்.

ரான்சம்வேர் வந்துவிட்டால்?

பேக்கப் இருந்தால் ஃபார்மட் அடித்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் உங்கள் ரகத்துக்குச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள், 2016-இல் யூரோபோலும் டச்சு போலீஸும் சேர்ந்து தொடங்கியது. பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள், செருகியிருந்தால் அதிலிருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும். டிஃபெண்டரில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று இருக்கிறது, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களைத் தெரியாத புரோகிராம் மாற்றவிடாமல் தடுக்கும். ஆரம்பத்தில் ஆஃப் ஆகித்தான் இருக்கும். ஆன் செய்தால் சில நல்ல புரோகிராம்களையும் சேர்த்துத் தடுக்கும், அவற்றுக்கு ஒருமுறை அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஒரு இலவச ஆன்டிவைரஸ் இருக்கிறது. எடுத்துவிடலாமா?

எடுக்கலாம். முதலில் விண்டோஸ் அப்டேட் முழுவதையும் முடியுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் கொடுங்கள், "போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்" என்று வரும் பக்கங்களைத் தாண்டிப் போங்கள். அதனோடு சேர்ந்து வந்த பிரவுசர், விபிஎன், டிரைவர் அப்டேட்டர் இருந்தால் அவற்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்ததும் டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். எழவில்லை என்றால் பழையது முழுசாகப் போகவில்லை என்று அர்த்தம், அந்த நிறுவனத்தின் தளத்திலேயே அதை நீக்கும் தனிக் கருவி இருக்கும், அதை ஓட்டுங்கள். கடைசியாக டிஃபெண்டரில் ஒரு ஃபுல் ஸ்கேன் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள், எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.